ஒடித்துப் பார்க்கிறவர்

எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்த அன்று அவர் உட்காரவில்லை. நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். நான்கு கால்களையும் ஒவ்வொன்றாகப் பிடித்து விரித்தார். நடுவில் முழங்காலை வைத்து ஒரு அழுத்து. டக்கென்று சத்தம். பின்னங்காலில் விரிசல்.

"பாத்தீரா? உக்காந்திருந்தா விழுந்திருப்பேன்" என்றார், எங்கள் குடும்பத்தையே காப்பாற்றிவிட்டவர் போல.

என் மனைவி காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். அந்த நாற்காலி வாங்கிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. அப்புறம் அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஊதி ஊதி, இரண்டு டம்ளர் காபி குடித்தார். தரையைத் தட்டிப் பார்க்கவில்லை. குவார்ட்டர்ஸ் தரை அவருக்கு ஏற்கெனவே பழக்கமான ஆள்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. எழுதினால் அந்தப் பெயரையும் எடுத்து வளைத்துப் பார்ப்பார், எத்தனை நாள் தாங்கும் என்று.

திருநெல்வேலிப் பக்கம். நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வந்து முப்பது வருடம் ஆகியும் பேச்சில் 'வே' போகவில்லை. சுரங்கத்தில் பெல்ட் ஜாயின்ட் போடும் குழுவில் இருந்தார். மண்ணையும் கரியையும் சுமந்துகொண்டு ராத்திரி பகல் ஓடுகிற ரப்பர் பெல்ட் அறுந்துபோனால், இரண்டு முனைகளையும் படி படியாகச் சீவி, ஒன்றின் மேல் ஒன்றைப் படியவைத்து, சூடு கொடுத்து ஒட்டுகிற வேலை. சீவுவதற்கென்று ஒரு கத்தி உண்டு. டூல் ரூம் ஜன்னலில் பித்தளை டோக்கனைப் போட்டு அதை வாங்க வேண்டும். ஷிப்ட் முடிந்ததும் கத்தியைக் கொடுத்து டோக்கனைத் திரும்ப வாங்க வேண்டும். அந்த ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவன் நான்.

எல்லோரும் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போவார்கள். அவர் மட்டும் கத்தியை நகத்தால் சுண்டுவார். காதோரம் வைத்துக் கேட்பார். "இது வேண்டாம்வே. இதுக்கு சளி பிடிச்சிருக்கு." அடுத்ததைக் கொடுப்பேன். "இது கெழவன்." அதற்கு அடுத்தது. பின்னால் வரிசையில் நிற்பவர்கள் கத்துவார்கள். "யோவ், கத்தி வாங்குறியா, பொண்ணு பாக்குறியா?"

பெண் பார்த்த கதையை அவர் மனைவி சொல்லித்தான் கேட்க வேண்டும். அண்ணி டவுன்ஷிப்பிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் அப்பாவும் சுரங்கத்து ஆள்தான். "காபி கொண்டுபோய்க் குடுத்தேன் தம்பி. என்னை நிமுந்து பாக்கல. டம்ளரத் தட்டிப் பாத்தாரு. டபராவத் தட்டிப் பாத்தாரு. அப்புறம், 'இந்த எவர்சில்வர் எந்தக் கடையில வாங்குனது?'ன்னு எங்கப்பாவக் கேட்டாரு. மாப்பிள்ளைக்கு டெஸ்ட்டிங் பொறுப்பான்னு எங்கப்பா கேக்குறாரு." சொல்லிவிட்டுச் சிரிப்பார். அண்ணன் உள்ளே இருந்து குரல் கொடுப்பார்: "அந்த டபரா இன்னும் இருக்குல்லா? அதச் சொல்லு."

இருந்தது. அந்த வீட்டில் இருந்தவை எல்லாமே அவர் கையில் ஒருமுறை செத்துப் பிழைத்தவை. கொடிக்கயிறு, குடை, சைக்கிள் ஸ்டாண்டு, மகள் பள்ளிக்குக் கொண்டுபோன டிபன் பாக்ஸ் மூடி. கட்டைச் சுவர் ஓரமாக ஒரு சிமெண்டுத் தொட்டி இருக்கும். சோதனையில் தோற்றவை எல்லாம் அதற்குள். அண்ணி அதற்கு வைத்த பெயர் 'பெயிலானவங்க கிளாஸ்'.

இப்படிப்பட்ட மனிதர் மாதம் ஒருமுறை வார ஓய்வோடு ஒரு லீவையும் ஒட்டிப் போட்டுக்கொண்டு கல்வராயன் மலைக்குப் போய்விடுவார். தனியாக. கள்ளக்குறிச்சியில் மலைபஸ் பிடித்து, எங்கேயோ ஒரு வளைவில் இறங்கி, மாட்டுப் பாதையில் நடந்து, ஏதோ ஒரு ஊரில் யார் வீட்டிலோ சாமைச் சோறு வாங்கிச் சாப்பிட்டு, மறுநாள் சாயங்காலம் காலெல்லாம் கீறலோடு திரும்பி வருவார். ஏன் இந்தக் கிறுக்கு என்று ஒருமுறை கேட்டேன்.

"வேலைக்கு எறங்குதோம். லீவுக்கு ஏற வேண்டாமாவே?"

சுரங்கத்தின் விளிம்பில் நின்று பார்த்தவர்களுக்கு அது புரியும். படி படியாகக் கீழே போகும் பூமி. அடியில் கறுப்பும் பழுப்புமாக ஒரு பட்டை. அதற்கு மேல் ஊர்ந்துகொண்டே இருக்கிற இயந்திரம், தூரத்தில் இருந்து பார்த்தால் மெதுவாக மேய்கிற எருமை மாதிரி. தினமும் அதற்குள் இறங்கி ஏறுகிறவனுக்குக் கண் எப்போதும் ஒரு மேட்டைத் தேடிக்கொண்டே இருக்கும். எனக்கும் தேடியது. நான் போகவில்லை. அவர் போனார். எனக்கும் அவருக்கும் அவ்வளவுதான் வித்தியாசம், அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று அப்போது தெரியவில்லை.

ஒரு ஆவணியில் அவர் ஒரு நாள் தாமதமாகத் திரும்பி வந்தார். வலது கணுக்கால் வீங்கியிருந்தது. தோள்பை இல்லை. வழுக்கிவிட்டது, பையும் மலைக்குக் கொண்டுபோகிற கத்தியும் தண்ணீரோடு போய்விட்டது என்று அண்ணியிடம் சொன்னார். அண்ணி சரி என்றார்.

நான்கு நாள் கழித்து டூல் ரூம் ஜன்னலில் யாரும் இல்லாத நேரம் என்னிடம் மட்டும் முழுவதையும் சொன்னார்.

ஓடையைக் கடந்திருக்கிறார். மேலே எங்கோ மழை. நடுவில் கால் பாறை இடுக்கில் போய் மாட்டிவிட்டது. குனிந்து காலை எடுக்கப் பார்த்தால் தோள்பையின் வார் இன்னொரு பாறையில் சிக்கி இழுக்கிறது. முழங்கால் தண்ணீர் இடுப்புக்கு வந்தது. இடுப்பிலிருந்து மார்புக்கு. வாரை அறுத்துவிடலாம் என்று கத்தியை எடுத்திருக்கிறார். அது பொருட்காட்சியில் விற்கிற வகை. பிடி குழாய் மாதிரி உள்ளே காலியாக இருக்கும். திருகித் திறந்தால் தீக்குச்சி, நூல், தூண்டில் முள். மூடியில் பொத்தான் அளவு திசைகாட்டி. வாருக்கும் பாறைக்கும் நடுவில் விட்டு ஒரு நெம்பு நெம்பியிருக்கிறார். பிடிக்கும் பிளேடுக்கும் நடுவில் ஒரு திருகாணிதான் இருந்திருக்கிறது. பிளேடு தண்ணீரில் போய்விட்டது. கையில் பிடி.

"ஒன்றரை மணி நேரம்வே. திசைகாட்டியப் பாத்துக்கிட்டே நின்னேன். வடக்கு எங்க இருக்குன்னு நல்லாத் தெரியுது."

மாடு ஓட்டிக்கொண்டு வந்த மலைக்காரர் ஒருவர் பார்த்து, தண்ணீரில் இறங்கி, அரிவாளால் வாரை அறுத்து இழுத்துப் போட்டிருக்கிறார்.

"நீங்க ஒடிச்சுப் பாக்காமயா அந்தக் கத்திய எடுத்துகினு போனீங்க?" என்று கேட்டேன். நம்பவே முடியவில்லை.

பித்தளை டோக்கனை நகத்தால் சுண்டினார். "கல்யாண நாளுக்கு அவ வாங்கிக் குடுத்தது. அத எப்பிடிவே ஒடிப்பேன்?" பிறகு, "அவகிட்ட சொல்லிப்போடாதீரும்."

நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை என்பது பின்னால் தெரிந்தது. அன்று போட்டிருந்த பேண்ட்டைத் துவைக்க எடுத்தபோதே பாக்கெட்டில் அந்தப் பிடியை அண்ணி பார்த்துவிட்டிருந்தார். "தண்ணியோட போயிருச்சுன்னாரு. நானும் ஆமான்னுட்டேன் தம்பி. பளபளன்னு இருக்கேன்னு வாங்குனது நான். வேற என்ன சொல்றது?"

அதற்குப் பிறகு அவர் மலைக்குப் போகவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், தீபாவளி, பொங்கல். "எப்பண்ணா மலை?" என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். "கத்தி ஒண்ணு செஞ்சிக்கிட்டுப் போறேன். கடைக் கத்தி இனி ஆகாது. பிளேடும் பிடியும் ஒரே இரும்பா, அடியிலேர்ந்து நுனி வரைக்கும் ஒரே துண்டா இருக்கணும். நானே செய்யுதேன்."

செய்ய ஆரம்பித்தார். வடலூர் ரோட்டுப் பழைய இரும்புக் கடையில் லாரி ஸ்பிரிங் பட்டை ஒன்று வாங்கினார். சுரங்கத்து ஒர்க்‌ஷாப்பில் இரும்பு குப்பையாகக் கிடக்கும். அதிலிருந்து ஒரு ஆணியைக்கூட வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் மாமரத்தடியில் பழைய லாரி பிரேக் டிரம்மை மண்ணில் பதித்து உலை. காற்றுக்கு ஒரு சின்ன புளோயர். சம்மட்டி, அரம், வைத்து அடிக்க ஒரு துண்டு தண்டவாளம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் புளோயர் பிடிக்கப் போவேன். கவிதை எழுதுகிறேன் என்று வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்கு இது மேல் என்று என் மனைவியும் விட்டுவிட்டாள்.

இங்கேதான் நாங்கள் அந்தத் தப்பைச் செய்தோம். வேறு எந்த ஊர்க்காரனும் செய்திருக்க மாட்டான்.

உலைக்கு என்ன கரி போடுவது என்ற கேள்வியே எங்களுக்கு எழவில்லை. எங்கள் ஊரில் கரி என்றால் ஒரே கரிதான், சுரங்கத்தில் தோண்டுகிற பழுப்பு நிலக்கரி. "எத்தனை ஊருக்கு வெளிச்சம் குடுக்குத கரிவே! ஒரு கத்திக்குப் பத்தாதா?" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. டீக்கடைக்காரர் அடுப்புக்கு வாங்கி வைத்திருந்த பழுப்புக் கரியில் அரைமூட்டை வாங்கி வந்தேன்.

மூட்டினோம். முதலில் புகை. மஞ்சளாக, கனமாக, எழுந்து போக மனமில்லாமல் மாமரத்தடியிலேயே உட்கார்ந்துகொண்ட புகை. தீக்குச்சியை மொத்தமாகக் கொளுத்தினது போல நாற்றம். கரி வெடித்துப் பொடியாகி, புளோயர் காற்றில் பறந்து, மூன்று வீட்டுக் கொடியில் காய்ந்த துணி மேல் உட்கார்ந்தது. எதிர் லைன் மாமி வேலிக்கு வந்து நின்றார். "மைன்ஸ வீட்டுக்கே கொண்டு வந்துட்டீங்களா?" இரும்பு எப்படியோ சிவந்தது. அடித்தால் ஓரத்தில் விரிசல். மறுபடி காய்ச்சி அடித்தால் விரிசல் நடுவுக்கு வரும்.

நான்கு ஞாயிறு. புளோயரை மாற்றினோம். சம்மட்டியை மாற்றினோம். பட்டை சரியில்லை என்று இன்னொரு லாரிப் பட்டை வாங்கினோம். என் கை நடுங்குகிறது, காற்று சீராக வரவில்லை என்று என்னைத் திட்டினார். கரியை மட்டும் நாங்கள் இருவரும் சந்தேகப்படவில்லை. எதையும் ஒடித்துப் பார்க்கிற மனிதர், அந்தக் கரியை மட்டும் ஒடித்துப் பார்க்கவில்லை.

கடைசியில் கம்மாபுரத்தில் ஒரு பட்டறைக்காரரிடம் போனோம். கலப்பைக் கொழுவும் கடப்பாரையும் அடிக்கிறவர். வெடித்த பிளேடை வாங்கிப் பார்த்தார். மூக்குக்கிட்டே கொண்டுபோய் மோந்தார்.

"எந்தக் கரிங்க போட்டீங்க?"

அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்.

பட்டறைக்காரர் வீட்டுப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார். "ஏ, இங்க வந்து பாரு! நெய்வேலிக்காரங்க பழுப்புக் கரில இரும்பு காச்சிகினு இருந்தாங்களாம்!"

அவர் மனைவி முறத்தோடு வந்து எட்டிப் பார்த்தார். "அதுல டீ போட்டாலே கண்ணு எரியும். அதுல போயா இரும்ப வெச்சாங்க?"

"ஈரம் பாதி, கந்தகம் மீதிங்க அதுல" என்றார் பட்டறைக்காரர். "கந்தகம் ஏறினா இரும்பு சூட்டுலயே பொளந்துக்கும். மரக்கரி வாங்கிகினு போங்க. சுரங்கத்துக்குன்னு எங்க ஊரு நிலத்தக் கேட்டுகினு இருக்கீங்களே, இந்தக் கரிக்காகத்தான?" அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவரிடமே ஒரு மூட்டை மரக்கரி வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

திரும்பி வரும்போது பஸ் ஜன்னலில் சுரங்கத்து மண்மேடு வந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு வந்தார். "முப்பது வருசமா தோண்டுதோம். ஒரு கத்திக்கு ஆகாதாம்வே." கொஞ்ச தூரம் போனதும் தானாகவே சிரிக்க ஆரம்பித்தார். பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்.

மரக்கரியில் இரும்பு ஆரஞ்சுப் பழமாய்ப் பழுத்தது. பட்டையை நீட்டி அடித்து, சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிட்டு, அரம் போட்டு உருவம் கொண்டுவருவார். ஒரு சாண் பிளேடு, அகலமான முதுகு, கொஞ்சமாகத் தாழ்ந்த மூக்கு. மறுபடி காய்ச்சி, காந்தம் ஒட்டாத சூடு வந்ததும், இளஞ்சூட்டு நல்லெண்ணெயில் நேராக இறக்குவார். சர்ரென்ற சத்தத்தோடு எண்ணெய் ஒருமுறை தீப்பிடித்து அடங்கும். ஆறினதும் அதன் மேல் அரத்தை இழுத்தால் பிடிக்காமல் வழுக்க வேண்டும். வழுக்கினால் இறுகிவிட்டது. ஆனால் அந்த இறுக்கத்தோடு விட்டால் கண்ணாடி மாதிரி உடையும். அதனால் கொஞ்சம் சூடு காட்டி இளக்க வேண்டும். அதற்கு அண்ணியின் கேக் அடுப்பு. இரண்டு தடவை, வைக்கோல் நிறம் வரும் வரை.

"கிறிஸ்துமஸுக்குக் கேக் கேட்டாங்க பக்கத்து வீட்டுல. லாரி வாசம் வருதுன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க" என்றார் அண்ணி.

பிளேடு ஆனதும் என்ன செய்வார்? வைஸ் இடுக்கியில் மாட்டுவார். ஒரு குழாயைச் செருகுவார். வளைப்பார். வளைப்பார். ஒடிகிற வரைக்கும் வளைப்பார். ஒடிந்த இடத்தை வெயிலில் காட்டி, கண்ணை இடுக்கிப் பார்ப்பார். "ரவை மாதிரி இருக்கு. சூடு ஓவர்." அடுத்தது வளைந்து அப்படியே நின்றுவிட்டது, நிமிரவில்லை. "தூங்குமூஞ்சி." அடுத்தது என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. பாதி வளைந்து நிமிர்ந்தது. இன்னும் வளைந்து நிமிர்ந்தது. போதும்ண்ணா என்றேன். கேட்கவில்லை. ஒடிந்தது. "பாத்தீரா?" என்றார்.

என்னத்தைப் பார்ப்பது? எதுவாக இருந்தாலும் ஒடிகிற வரை வளைத்தால் ஒடியும்.

ஆறோ ஏழோ பிளேடு சிமெண்டுத் தொட்டிக்குப் போயிற்று. இரண்டாவது பொங்கலும் வந்தது. ஒரு நாள் வேலிக்கு இந்தப் பக்கம் வந்து அண்ணி என்னிடம் கேட்டார்.

"தம்பி, உங்களுக்குப் புரியலையா இன்னும்?"

"என்னாங்கண்ணி?"

"கத்தி ஆயிட்டா மலைக்குப் போகணுமே. அதான் கத்தி ஆகவே மாட்டேங்குது."

சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்க்கவில்லை, மாமரத்தடியைப் பார்த்தார். அண்ணன் அங்கே அரம் போட்டுக்கொண்டிருந்தார், முதுகு எங்களுக்கு. "ராத்திரியில தூக்கத்துல அந்த ஓடையப் பத்திப் பொலம்பிட்டு எழுந்து உக்காந்துக்குறாரு. கேட்டா புழுக்கம்ங்குறாரு. தைப் பனியில என்ன புழுக்கம்? நான் வாங்கிக் குடுத்த கத்தி ஒடிஞ்சப்போ காலு மட்டுமா மாட்டிக்கினு இருந்துச்சு, ஆளே இன்னும் அங்கதான் நிக்கிறாரு தம்பி. எப்படியாவது அங்கேர்ந்து எடுத்துடணும்."

அடுத்த முறை கரி வாங்கப் போனபோது பட்டறைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன், ஒடிக்கிற விஷயத்தை மட்டும். அவர் தலையைச் சொறிந்தார். "ஒரே பட்டையில பக்கத்துப் பக்கத்துல ரெண்டு வெட்டிக்கச் சொல்லுங்க. ஒரே நெருப்பு, ஒரே எண்ணெ, ஒரே அடுப்பு. கூடப்பொறந்ததுங்க மாதிரி. ஒண்ண ஒடச்சிப் பாத்துக்கட்டும். இன்னொண்ண வெச்சிக்கட்டும். வேற இன்னாதான் பண்றது?"

அண்ணன் இதை உடனே பிடித்துக்கொண்டார். மூன்று வாரம். இரண்டு பிளேடுகள், அச்சில் வார்த்தது போல. ஒரே ஞாயிற்றுக்கிழமை, ஒன்றன் பின் ஒன்றாக எண்ணெய்க்குள் போயின. இரண்டும் ஒன்றாக அடுப்பில் கிடந்தன. ஒன்றை வைஸில் மாட்டினார். அண்ணியும் வந்து நின்றார். குழாய் வளைந்த அளவுக்குப் பிளேடு வளையவில்லை. விட்டதும் சட்டென்று நிமிர்ந்தது. உடம்பையே மேலே போட்டார். நிமிர்ந்தது. கடைசியில் குழாயின் நுனியில் தொங்கி, கால் தரையை விட்டு எழும்பினபோதுதான் ஒடிந்தது. ஒடிந்த முகத்தை எங்களிடம் காட்டினார். சாம்பல் நிறப் பட்டுத் துணி மாதிரி, அவ்வளவு நைஸாக.

"இதுதான்வே" என்றார்.

மற்றதற்குப் பூவரசங்கட்டையில் பிடி போட்டார். மூன்று பித்தளை ஆணி. பிடியின் விளிம்பெல்லாம் இரும்பு தெரியும், அடி வரைக்கும் ஒரே துண்டு என்று. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, கையை வைத்தால் கை தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். இரண்டு நாள் அதை மடியில் வைத்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் நான் போனபோது குழாயையும் பக்கத்தில் வைத்திருந்தார்.

"என்னாண்ணா?"

"இது அது இல்லையேவே."

"எது?"

"தாங்குச்சுல்லா, அது போயிட்டு. இது இருக்கு. இதுக்குள்ள என்ன இருக்குன்னு எவனுக்குத் தெரியும்?"

"இதையும் ஒடிச்சாத்தான் தெரியும்."

"அதத்தான சொல்லுதேன்."

அவர் வைஸைத் திறந்துகொண்டிருந்தார். வீட்டுக்குள்ளிருந்து அண்ணி வந்தார். கை நீட்டினார். "குடுங்க இங்க." அவர் கொடுக்கவில்லை. அண்ணி எடுத்துக்கொண்டார். ஒரு துண்டில் சுற்றினார். உள்ளே போய்விட்டார். எங்கேயோ ஒளித்து வைக்கப் போகிறார் என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்தோம்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு எனக்கு போன் வந்தது. பின்னணியில் பஸ் ஸ்டாண்டு இரைச்சல்.

"தம்பி, விருத்தாசலத்துல இருக்கேன். கள்ளக்குறிச்சி பஸ்ல உக்காந்துட்டேன். அவருகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா போன்லயே எறக்கி விட்ருவாரு."

"அண்ணி, எங்க போறீங்க?"

"கத்திய டெஸ்ட் பண்ண. அவரு எங்க மாட்டுனாரோ அங்க. இடம் தெரியும். தூக்கத்துல நூறு வாட்டி சொல்லியிருக்காரு. ரெட்டைப் பாறைக்குக் கீழ, மாட்டுப் பாதை தாண்டுற இடம். வெச்சிடுறேன்."

அதன் பிறகு போன் அணைந்துவிட்டது.

அவர் வாசலில் பனியனோடு பல் துலக்கிக்கொண்டிருந்தார். சொன்னேன். பிரஷ் வாயிலேயே நின்றது. கோபப்படுவார் என்று நினைத்தேன். "அவளுக்கு நீச்சல் தெரியாதேவே" என்றார். அவ்வளவுதான். சட்டையைத் தப்புத் தப்பாகப் பொத்தான் போட்டுக்கொண்டே நடந்தார்.

நானும் பின்னாலேயே ஓடினேன். கள்ளக்குறிச்சியில் மலைபஸ் கிளம்ப ஒரு மணி நேரம் இருந்தது. இட்லி வாங்கிக் கொடுத்தேன். பொட்டலத்தைப் பிரிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். வளைவுகளில் பஸ் சாயச் சாய, அவர் முகத்தில் வேர்வை. கண்டக்டர், "காலையில ஒரு அம்மா இறங்குனாங்க, கேன்வாஸ் ஷூ போட்டுக்கிட்டு, அவங்கதான?" என்று கேட்டார். அந்த ஷூ மகள் என்.சி.சி.க்குப் போட்டது. அண்ணியின் காலுக்கு ஒரு சைஸ் பெரிது.

நாங்கள் மாட்டுப் பாதையில் இறங்கியபோது மூன்று மணி இருக்கும். ரெட்டைப் பாறை தெரிந்ததும் அவர் நடை குறைந்தது. பத்தடி தள்ளியே நின்றுவிட்டார். நான் முன்னால் போய்ப் பார்த்தேன். ஓடையில் தண்ணீர் இருந்தது, ஓட்டமும் இருந்தது. மாசி மாதத்துத் தண்ணீர். அடியில் கூழாங்கல் தெரிந்தது. இது மார்பு வரை ஏறியதா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவர் அந்தத் தண்ணீரைப் பார்க்கவே இல்லை. இட்லிப் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மேலே மேகம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கரையில் அண்ணி. புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, மூன்று கல் கூட்டி, சின்ன ஏனத்தில் தண்ணீர் வைத்திருந்தார். நெருப்பு பிடிக்கவில்லை, விறகு தடிமன். கத்தியை விறகின் தலையில் பதித்து, ஒரு உருட்டுக் கல்லை எடுத்துக் கத்தியின் முதுகில் அடித்துக்கொண்டிருந்தார். ணங். ணங். மலை முழுக்கக் கேட்டது.

அந்தச் சத்தம் கேட்டதும் அவர் தலை திரும்பியது.

"ஏட்டி! அடிக்காத! முறிஞ்சிரும்!"

அண்ணி நிமிர்ந்து பார்த்தார். எங்களை எதிர்பார்த்துக்கொண்டிருந்தவர் போலத்தான் இருந்தது அவர் முகம். "முறிஞ்சா முறியட்டும்" என்று கத்தினார். ணங்.

"கல்லால அடிக்காதங்கேன்! நேரா வெக்காம அடிக்கியே, ஓரம் போயிரும்!"

"போனா போகட்டும். நீங்க எப்படியும் ஒடிக்கத்தான போறீங்க? நானே ஒடிச்சிட்டுப் போறேன்." ணங்.

"கிறுக்கச்சி! நிறுத்துட்டி! இந்தா வாரேன்..."

நான் மறுபடி அவர் பக்கத்துக்கே வந்திருந்தேன். திரும்பிப் பார்க்கும்போது அவர் பக்கத்தில் இல்லை. இட்லிப் பொட்டலம் கரையில் கிடந்தது. அவர் செருப்போடு, பேண்ட்டை மடக்காமல், கை வீசித் திட்டிக்கொண்டே தண்ணீரில் போய்க்கொண்டிருந்தார். நடு ஓடையில், ரெட்டைப் பாறைக்கு நேர் கீழே, அவருக்கு அது உறைத்தது. நின்றார்.

அண்ணியின் கை கல்லோடு மேலேயே நின்றது. தண்ணீர் மட்டும் தன் பாட்டுக்கு அண்ணன் காலைச் சுற்றிக்கொண்டு போனது. அவர் குனிந்து அதைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார், ஒடிந்த இரும்பின் முகத்தை வெயிலில் பார்ப்பதைப் போல. ஒரு காலைத் தூக்கினார். வந்தது. வைத்தார். அடுத்த காலைத் தூக்கினார். அதுவும் வந்தது.

"கல்லு ஆகாது" என்றார், இப்போது கத்தாமல். "கட்டையால அடிக்கணும். கத்திய இரும்பும் கல்லும் அடிக்கக் கூடாது. குடு, நான் பொளக்கேன்."

அக்கரை ஏறினார். அண்ணி பக்கத்தில் ஈரத்தோடு உட்கார்ந்தார். கத்தியை வாங்கி, முதுகில் விழுந்திருந்த வடுக்களைக் கட்டைவிரலால் தடவினார். கூர் விளிம்பைப் பார்த்தார். அதில் ஒரு சின்னக் கொத்துப் பட்டிருந்தது. "பாரு, கொத்து விட்டிருக்கு" என்று காட்டினார். "அரம் போட்டா போயிரும்ல?" என்றார் அண்ணி. அவர் கொஞ்சம் யோசித்து, "போயிரும்" என்றார். பிறகு விறகில் கத்தியை நேராக வைத்து, கட்டையை எடுத்து, ஒரே அடி. இரண்டாகப் பிளந்து விழுந்தது. அவர் அடுத்த விறகை எடுத்தார்.

நான் இந்தக் கரையிலேயே நின்றுகொண்டிருந்தேன். என் வாழ்நாளில் இப்படி ஒரு மலைக்கு அன்றுதான் முதல்முறை வந்திருந்தேன். அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"நீரு என்னவே அங்கேயே நிக்கீரு? முழங்கால் தண்ணிதான். வாரும்."